சும்மா நாளில் நிற்கும் உலக்கை

அம்மையார்குப்பத்தில் என் தங்கையின் மாமியார் வீட்டு வாசலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் கையிலிருந்து ஓர் உலக்கை சரிந்து விழுந்தது. தாம்பாளம் கவிழ்ந்து மஞ்சள் தண்ணீர் என் புடவையில் பாதியை நனைத்தது. எதிர்வீட்டில் தறியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நான் உலக்கையை எடுத்து மறுபடியும் நிறுத்தினேன். மறுபடியும் விழுந்தது. மூன்றாவது முறை விழுந்தபோது யாரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

நான் திருத்தணியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வாய் கொஞ்சம் நீளம். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் பல்லி விழுந்த பலன் பேசினால்கூட, இறங்கும் இடம் வருவதற்குள் அவரைத் திருத்திவிட வேண்டும் என்று கை பரபரக்கும். 'அறிவியல் என்பது நிரூபிக்கப்பட்ட உண்மைகளின் தொகுப்பு' என்று ஒவ்வொரு வருடமும் முதல் நாளே பலகையில் எழுதிப்போட்டு, பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்தவள். அந்தத் தொகுப்பு என்னவோ என் அலமாரியில் இருப்பதுபோலத்தான் நடந்துகொள்வேன்.

எங்கள் பக்கத்தில் கிரகணம் பிடித்தால் உலக்கை நிறுத்துவார்கள். தாம்பாளத்தில் மஞ்சள் கரைத்த தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையை நட்டக்குத்தலாக வைப்பார்கள். பிடிக்காமல் தானாக நிற்கும். கிரகணம் விட்டதும் விழுந்துவிடும் என்பார்கள். அது நிற்கிறவரை அடுப்பு எரியாது, யாரும் பல்லில் பச்சைத் தண்ணீர் படவிட மாட்டார்கள். அம்மையார்குப்பம் மாதிரி தறி ஓடும் ஊரில் இன்னொன்றும் உண்டு: கிரகணத்தில் நூல் அறுக்கக் கூடாது. அதிலும் பிள்ளைத்தாய்ச்சி எதையும் அறுக்கவோ நறுக்கவோ கூடாது, அசையாமல் இருட்டறையில் படுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் குழந்தை உதடு பிளந்து பிறக்கும். அந்தப் பிளவுக்கு எங்கள் பக்கத்தில் தெலுங்கிலேயே ஒரு பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கிரகண மொர்ரி என்று.

அந்த மாசிப் பௌர்ணமியன்று மதியத்துக்குமேல் சந்திர கிரகணம். என் தங்கைக்கு அப்போது எட்டாவது மாதம். எங்களுக்கு அம்மா இல்லை, அதனால் ஸ்கேனுக்கெல்லாம் நான்தான் கூடப் போவேன். பனிக்குடத்தில் தண்ணீர் குறைவாக இருக்கிறது, நாள் முழுக்கத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், வயிறு காயவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

கிரகணத்துக்கு முந்தின வாரம் தங்கை போன் செய்தாள்.

"அக்கா, நீ ஒண்ணும் பேசிக்காத. அத்தயே எறங்கி வந்துகினு இருக்காங்க. துளசி போட்ட தண்ணி ஒரு வாய், ரெண்டு வாய் குடிச்சிக்கலாம்னு நேத்து அவங்களே சொன்னாங்க. நான் பாத்துக்கறேன்."

"துளசி எதுக்கு? தண்ணி குடிக்கறதுக்குத் துளசி பர்மிஷன் குடுக்கணுமா? ஞாயித்துக்கிழம நான் வரேன். உங்க அத்தைக்கு சயின்ஸ்னா இன்னான்னு காட்டறேன்."

"வாணாம்க்கா" என்றாள். நான் போனை வைத்துவிட்டேன்.

உலக்கை எந்த நாளிலும் நிற்கும், கிரகணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று அன்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன். போனில் வந்த ஒரு வீடியோவில் கண்ணாடி போட்ட ஒருவர் பேசியதைப் பார்த்திருந்தேன். அடிப்பகுதி தட்டை, எடைமையம், சமநிலை என்று அவர் சொன்ன சொற்கள் என் பாடப்புத்தகத்தில் இருந்தவைதான். அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்? குடும்பக் குழுவில் அதை அனுப்பிவிட்டு, நானே கண்டுபிடித்ததுபோல ஒரு வாரம் நடந்தேன். ஓர் உலக்கையை ஒரு தடவையாவது கையில் எடுத்து நிறுத்திப் பார்ப்போம் என்று தோன்றவே இல்லை. இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

ஞாயிறு காலை ஆர்.கே.பேட்டை பேருந்தில் ஏறி, அங்கிருந்து மாறி, அம்மையார்குப்பம் போய்ச் சேர்ந்தேன். தங்கையின் மாமியார் வாசலில் தறிக்கான பாவு நூலை உதறிக்கொண்டிருந்தார். மெலிந்த உடம்பு, அதிகம் பேசாதவர். "வாம்மா, மோர் குடிக்கிறியா" என்றார். நான் உட்காரக்கூட இல்லை.

"அத்தை, செவ்வாய்க்கிழமை அவளுக்குத் தண்ணி குடுக்கணும். துளசி தண்ணியெல்லாம் இல்ல. சொம்பு சொம்பா."

"ஆங், பாக்கலாம் கண்ணு. நானும் அதான் யோசன பண்ணிகினு இருக்கேன்."

இத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். மோரைக் குடித்துவிட்டு அடுத்த பேருந்தைப் பிடித்திருக்கலாம்.

"யோசிக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல அத்தை. இதெல்லாம் மூடநம்பிக்கை. உலக்கை நிக்கறதப் பாத்துதான கிரகணத்துக்கு சக்தி இருக்குன்றீங்க? நான் இப்பவே, இன்னிக்கே நிக்க வெக்கறேன். இன்னிக்குக் கிரகணமா? இல்லல்ல? நின்னுட்டா நீங்க ஒத்துக்கணும்."

என் குரல் வகுப்பறைக் குரல். தெருக்கோடி வரை கேட்கும். பக்கத்து வீடுகளில் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. மாமியார் நூலைக் கீழே வைத்தார்.

"நிக்கலன்னா?"

"நிக்கும். சயின்ஸ்ல நிரூபிச்சாச்சு."

அவர் உள்ளே போய் உலக்கையையும் தாம்பாளத்தையும் கொண்டுவந்து வைத்தார். அப்புறம் நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

விழுந்ததுகூடப் பெரிய விஷயமில்லை. அதற்குப் பிறகு நான் பேசியதை நினைத்தால்தான் எழுந்து எங்காவது போய்விடலாம் போலிருக்கிறது. "இந்த உலக்கையோட அடி தேஞ்சிருக்கு" என்றேன். ஒருவர் குனிந்து அடியிலிருந்த இரும்புப் பூணைத் தடவிப் பார்த்து, நல்லாத்தான் இருக்கு என்றார். "தரை மேடு பள்ளமா இருக்கு" என்றேன். சிமெண்டுத் தரை. "எல்லாரும் சுத்தி நின்னா காத்து அடிக்காதா?" என்றேன். என் குரல்தான் அவர்களைக் கூட்டிச் சேர்த்தது. ஜோசியக்காரர் சொன்னது நடக்காவிட்டால் நேரம் சரியில்லை, பரிகாரம் சரியில்லை என்று சாக்குச் சொல்வதை வகுப்பில் நடித்துக் காட்டிப் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பேன். அதே சாக்கு, அதே தொனி, என் வாயிலிருந்து வரிசையாக வந்துகொண்டிருந்தது. 'நான் இதைச் செய்து பார்த்ததே இல்லை' என்ற ஒரு வாக்கியம் மட்டும் வரவில்லை.

கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள்: "நாங்க சொன்னா மூடநம்பிக்கை, நீங்க சொன்னா சயின்ஸா டீச்சர்?"

மாமியார் என்னைக் கேலி செய்யவில்லை. உலக்கையைத் துடைத்து எடுத்துக்கொண்டார். பக்கத்தில் நின்றிருந்த மகனிடம் மட்டும், "நைனா, செவ்வாக்கெழம தறி வாணாம். அந்த ரூம் ஜன்னல்ல கெட்டியா கோணிய கட்டிடு" என்றார். தங்கை கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டினேன்.

செவ்வாய்க்கிழமை திருத்தணியில் மலைக்கோயில் நடையைச் சாத்திவிட்டார்கள். கீழே கடைத்தெருவிலும் கூட்டமில்லை. எனக்குக் கடைசிப் பிரிவேளை பத்தாம் வகுப்பில். பலகையில் சூரியன், பூமி, நிலா என்று மூன்று வட்டம் போட்டு, நிழல் எப்படி விழுகிறது என்று கோடு இழுத்துக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, "மிஸ், உலக்கை நிக்குமாமே, நீங்க பாத்திருக்கீங்களா?" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, சும்மாதான் கேட்டாள். "பாடத்துல இருக்கறதக் கேளு, உக்காரு" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் உட்கார்ந்த பிறகு என் கண் ஆய்வக அலமாரிப் பக்கம் போனது. அங்கே சுண்ணாம்பு நீர் பாட்டில் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தினால் சுண்ணாம்பு நீர் பால்போல மாறும். அது ஒரு செய்முறை. எங்கள் பாட்டில் பழையது, எத்தனை ஊதினாலும் தெளிந்தே இருக்கும். வருடா வருடம் நான் என்ன சொல்வேன் தெரியுமா? "பால்போல் மாறியது என்று எழுதிக்கொள்ளுங்கள்." பிள்ளைகளும் கண்ணெதிரே தெளிவாக இருக்கும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே அப்படி எழுதுவார்கள். முழு மதிப்பெண் போடுவேன். இதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை. புத்தகத்தில் இருப்பதுதான் அறிவியல், பாட்டிலில் இருப்பது பழுது என்று நிம்மதியாக இருந்திருக்கிறேன். அன்று கையில் சாக்பீஸோடு நின்றபோதுதான் அது எவ்வளவு கேவலம் என்று உறைத்தது.

இருட்டத் தொடங்கும் நேரத்தில் தங்கையின் கணவர் போன் செய்தார். "அக்கா, இவளக் கூட்டிகினு திருத்தணிக்கு வந்துகினு இருக்கேன். வயிறு கல்லு மாதிரி இறுகுதுன்றா. தல சுத்துது. ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க."

காலைப் பலகாரத்துக்குப் பிறகு அவள் வாயில் ஒன்றும் படவில்லை. கோணி கட்டிய அறை. மாசி வெயிலும் சேர்ந்துகொண்டது. கிரகணம் பிடித்த நேரத்தில் இங்கே நிலாவே இன்னும் உதிக்கவில்லை, அதற்கு முன்பே அவளை உள்ளே படுக்க வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். உடம்பில் தண்ணீர் வற்றிப்போயிருக்கிறது என்று சொல்லி டாக்டரம்மா அவள் கையில் குளுக்கோஸ் ஏற்றினார். குழந்தையின் துடிப்பு சரியாக இருக்கிறது, இரவு இங்கேயே இருக்கட்டும் என்றார்.

தங்கையின் உதடு வெடித்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். இழுத்துக்கொள்ளவில்லை, பதிலுக்குப் பிடிக்கவும் இல்லை.

"உலக்க நின்னுதுக்கா" என்றாள். "அதே உலக்க. அத்ததான் வெச்சாங்க. எல்லாரும் வந்து பாத்துட்டுப் போனாங்க."

"கிரகணத்தால இல்லடி அது..."

"எனக்கும் தெரியும், நானும் பன்னெண்டாவது படிச்சவதான். உன்ன யாரு வரச் சொன்னது? நான் எப்டியாவது கெஞ்சி தண்ணி வாங்கியிருப்பேன். அவங்க குடுக்கத்தான் இருந்தாங்க. நீ வந்து தெருவையே கூட்டி, நிக்கலன்னு காட்டிட்டுப் போயிட்ட. அப்பறம் நின்னுடுச்சி. இனிமே எந்த மூஞ்ச வெச்சிகினு நான் தண்ணி கேப்பேன்?"

வெளியே வராந்தாவில் மாமியார் உட்கார்ந்திருந்தார். நான் அவரைத் தாண்டிப்போய்க் குழாயில் முகம் கழுவினேன். மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். வெட்கம் வந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும், மற்றவர்கள் மேல்.

அந்த வாரமே வீட்டுக்காரம்மாவிடம் ஓர் உலக்கை இரவல் வாங்கினேன். "எதுக்கு டீச்சர், மாவு இடிக்கவா?" என்றார். ஆமாம் என்று பொய் சொன்னேன். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நிறுத்தினேன். விழுந்தது. அது விழும் சத்தம் கீழ்வீட்டில் கேட்டுவிடுமோ என்று அடியில் சாக்கு விரித்தேன். சாக்கின்மேல் நிற்கவே நிற்காது என்பது அப்புறம் புரிந்தது. ஒரு கட்டத்தில், என்ன பைத்தியக்காரி நான் என்று தனியாகச் சிரித்தேன். சிரிப்பு முடிந்ததும் அழுகை வந்தது.

விட்டுவிடலாமா என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். ஒருவேளை நான்தான் தப்போ, உலக்கை கிரகணத்தில்தான் நிற்குமோ? இப்படி ஓர் எண்ணம் எனக்கு வந்ததே என்று முதலில் அருவருப்பாக இருந்தது. பிறகு யோசித்தேன். அன்று வாசலில் நிற்பதற்கு முன்பே எனக்கு வந்திருக்க வேண்டிய எண்ணம் அதுதான். தப்பாக இருக்கலாம் என்று தோன்றினால்தானே யாரும் செய்து பார்ப்பார்கள்? எனக்கு எதுவும் தோன்றவில்லை, அதனால் எதையும் செய்து பார்க்கவில்லை.

பிடியை மாற்றியபோதுதான் உலக்கை நின்றது. நான் உச்சியை இறுக்கிப் பிடித்துச் சட்டென்று விட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் விரல் நுனியால் மட்டும் தொட்டு, உலக்கை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கை உணரும்வரை பொறுத்து, ஒன்றுமே கனக்காத ஓர் இடம் வந்ததும் விரலை எடுத்தேன். நின்றது. அன்று ஒரு வியாழக்கிழமை, கிரகணமும் இல்லை, ஒன்றும் இல்லை, சும்மா நாள். தண்ணீரைக் கொட்டிவிட்டுக் காய்ந்த தட்டில் வைத்தேன், நின்றது. மஞ்சள் போட்டும் போடாமலும் வைத்தேன். சில தடவை விழவும் விழுந்தது. இத்தனை வருடம் அறிவியல் கற்பித்தவள், என்ன வரும் என்று தெரியாமல் செய்துபார்த்த முதல் சோதனை அதுதான். சந்தோஷம் வரவேண்டிய இடம். எனக்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

தங்கைக்குப் பிரசவம் திருத்தணியிலேயே ஆனது. பெண் குழந்தை. என் வீட்டுக்குத்தான் அழைத்து வந்தேன். சில நாள் கழித்து மாமியார் பையில் பூண்டும் பனைவெல்லமும் வாங்கிக்கொண்டு குழந்தையைப் பார்க்க வந்தார். மடியில் வாங்கியதும் கொஞ்சவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஆள்காட்டி விரலால் குழந்தையின் மேலுதட்டை மெல்ல ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை தடவினார். பிறகு வாயைத் திறந்து அண்ணத்தை எட்டிப் பார்த்தார். அப்புறம்தான் மூச்சு விட்டார்.

தங்கை குழந்தைக்குப் பால் கொடுக்க உள்ளே போனாள். மாமியார் சமையலறைக்கு வந்தார். மூலையில் சாத்தி வைத்திருந்த உலக்கையைப் பார்த்தார்.

"நிக்குதா?" என்றார்.

"நிக்குது அத்தை."

"காட்டு."

தாம்பாளத்தைத் தரையில் வைத்தேன். முதல் தடவை சாய்ந்தது, பிடித்துக்கொண்டேன். இரண்டாவது தடவை நின்றது. அவர் சம்மணம் போட்டு அதன் எதிரில் உட்கார்ந்து, அது விழும் என்று எதிர்பார்ப்பவர்போல வெகுநேரம் பார்த்தார்.

"மொத கொழந்த பொண்ணு எனக்கு" என்றார். "என் பையனுக்கு முன்ன. மொர்ரியோட பொறந்துச்சி. பால உறிஞ்சத் தெரியல அதுக்கு. பஞ்சால நனச்சி நனச்சி வெப்பேன், மூக்கு வழியா வந்துடும். தங்கல. நான் மாசமா இருந்தப்போ கிரகணத்துல தறில உக்காந்து நூல அறுத்துட்டேன்னு என் மாமியா பாத்துட்டாங்க. சாவற வரைக்கும் அத சொல்லிகினே இருந்தாங்க. ஊரே சொல்லுச்சி. என் கையாலயே அறுத்துட்டேன்னு."

இந்தப் பெண்மணியிடம்தான் நான் தெருவைக் கூட்டிச் சவால் விட்டேன். ஏன் அத்தை இவ்வளவு பயப்படுறீங்க என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அவர் உலக்கையைக் காட்டிக் கேட்டார். "சும்மா நாள்லயே நிக்குது. அப்ப, நான் நூல் அறுத்ததால இல்லியா?"

ஆமாம் அத்தை, பாருங்கள், நிரூபணம் ஆகிவிட்டது என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது. அவர் முகம் அதைத்தான் கேட்டது. பழைய நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"உலக்க நிக்கறது வேற, அது வேற அத்தை. இத வெச்சு அத சொல்ல முடியாது. ஆனா கிரகணத்தாலயும் நூல் அறுக்கறதாலயும் உதடு பிளக்கறதில்ல. நான் டாக்டரம்மாவயும் கேட்டேன். கிரகணமே பாக்காதவங்களுக்கும் அப்டி கொழந்தைங்க பொறக்குது. நீங்க எதுவும் பண்ணல அத்தை. உங்க கை எதுவும் பண்ணல."

"அப்ப எதனால?"

"பல காரணம் சொல்றாங்க. உங்க கொழந்தைக்கு எதனாலன்னு..." நான் நிறுத்தினேன். "எனக்குத் தெரியல அத்தை."

அவர் தலையாட்டினார். முந்தானையால் கண்ணை அழுத்திக்கொண்டார். உள்ளே குழந்தை விக்கும் சத்தம் கேட்டது, தங்கை முதுகைத் தட்டிக்கொடுப்பதும் கேட்டது. அவர் தரையில் கையூன்றி எழுந்தார்.

"அன்னிக்கு உலக்க விழுந்தப்போ 'எனக்குத் தெரியல'ன்னு இதே வார்த்தய சொல்லியிருந்தா, நான் அவளுக்குத் தண்ணி குடுத்திருப்பேன் கண்ணு" என்றார்.

சொல்லிவிட்டு, குடத்திலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு என் தங்கைக்கு எடுத்துக்கொண்டு போனார். உலக்கை நின்றுகொண்டிருந்தது. நான் அதைக் கையில் எடுத்து மூலையில் சாத்தினேன்.